எடிட்டருக்குள் ஓடும் மெயில் ப்ரோக்ராமுக்கு மைம் ஆதரவு: எங்கிருந்து தொடங்குவது?

பஃபர்வாசி:

இமேக்ஸ் என்ற எடிட்டருக்குள்ளேயே மெயில் படிக்கிற ஆள் நான். அதற்குள் ஓடும் க்னூஸ், மியூ4இ என்ற மெயில் ப்ரோக்ராம்கள் எல்லாம் இருப்பது தெரியும், ஆனால் கை பழகியது இமேக்ஸின் மொழியான லிஸ்பில் எழுதிய ஒரு சின்னப் பழைய ப்ரோக்ராமுக்கு. அது செய்வது மிக எளிமையான வேலை: எம்பாக்ஸ் கோப்பை (எல்லா மெயிலும் வரிசையாக அடங்கிய ஒரே கோப்பு) ஒரு பஃபரில், அதாவது எடிட்டர் எழுத்தை வைத்திருக்கும் இடத்தில், திறக்கும், எந்த மெயிலைப் படிக்கிறேனோ அதன் எல்லைக்குள் பஃபரைக் குறுக்கிக் காட்டும், அடுத்த மெயில் என்றால் எல்லையை நகர்த்தும். அவ்வளவுதான். வெறும் எழுத்தாக வரும் மெயிலுக்கு இதைவிட வேகமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

சிக்கல் என்னவென்றால் இப்போது வெறும் எழுத்தாக வருகிற மெயில் அபூர்வம். திறந்தால் மைம்-வெர்ஷன் 1.0 என்று ஒரு வரி (மைம் என்பது படம், கோப்பு, பிற மொழி எழுத்து எல்லாவற்றையும் மெயிலில் அனுப்பும் வடிவம்), அப்புறம் நீளமான ஒரு எல்லைக்கோடு, அதற்குக் கீழே பக்கம் பக்கமாக பேஸ்64 குப்பை (எந்தத் தரவையும் சாதாரண ஆங்கில எழுத்து, எண்களாக மாற்றும் முறை அது). தமிழ் மெயில் என்றால் இன்னும் கொடுமை, ஒரு சொல்கூடக் கண்ணுக்குத் தெரியாது. படம் அனுப்பினால் பார்க்க முடியாது, நான் ஒரு பிடிஎஃப் அனுப்ப வேண்டும் என்றால் வேறு ப்ரோக்ராமுக்குப் போக வேண்டும்.

ஒரு கட்டளை எழுதிப் பார்த்தேன்: பேஸ்64 பகுதியைத் தேர்ந்தெடுத்து ஒரு விசையை அழுத்தினால் அந்த இடத்திலேயே டீகோட் ஆகும். ஆகிறது. ஆனால் பஃபர் மாறிவிட்டது என்று மேலே நட்சத்திரக் குறி வந்து நிற்கிறது, சேமித்தால் எம்பாக்ஸ் கோப்பே மாறிப்போகும், சேமிக்காமல் விட்டால் படித்த மெயில் எது படிக்காதது எது என்ற குறியும் போய்விடும். எனவே கேள்விகள்: டீகோட் செய்வதை எங்கே செய்வது? மெட்டாமெயில் மாதிரி வெளி ப்ரோக்ராம் ஒன்றின் தலையில் கட்டிவிடலாமா, இல்லை எல்லாவற்றையும் லிஸ்பிலேயே எழுத வேண்டுமா? அனுப்பும் பக்கத்துக்கு என்ன வழி? ப்ரோக்ராமை மாற்று என்று மட்டும் சொல்லாதீர்கள், அது எனக்கே தெரியும்.


அடைப்புக்குறி:

அந்த நட்சத்திரக் குறிதான் உங்கள் கேள்விக்கே பதில், அங்கிருந்தே தொடங்கலாம்.

எடிட்டரின் அடிப்படை நம்பிக்கை ஒன்று உண்டு: திரையில் தெரிவதும் பஃபரில் இருப்பதும் கோப்பில் இருப்பதும் ஒரே சமாச்சாரம். 1982இல் வந்த ஆர்எஃப்சி 822 என்ற இணைய விதி ஆவணத்தின் காலத்து மெயிலுக்கு இது அச்சு அசலாகப் பொருந்தியது. மெயில் என்றால் 7 பிட் ஆஸ்கி (ஆங்கில) எழுத்து, ஹெடர் (அனுப்பியவர், சப்ஜெக்ட் போன்ற வரிகள்), ஒரு வெற்று வரி, உடல், முடிந்தது. உங்கள் ப்ரோக்ராம் அந்த உலகத்தில் பிறந்தது. 1992 ஜூனில் போரென்ஸ்டைனும் ஃப்ரீடும் மைமை வரையறுத்து எழுதிய ஆர்எஃப்சி 1341 வந்ததும் அந்த நம்பிக்கை உடைந்தது, அதுவும் சத்தமே இல்லாமல். வழியில் இருக்கும் பழைய சர்வர்கள் 8ஆவது பிட்டை வெட்டும், நீள வரியை உடைக்கும், வரிக் கடைசியில் இருக்கும் இடைவெளியைத் தின்னும் என்று தெரிந்தே, அவற்றின் கண்ணுக்குப் பழைய எழுத்து மெயில் போலவே தெரியும்படி மைமை வடிவமைத்தார்கள். சர்வர் ஏமாந்தது சரி, உங்கள் ப்ரோக்ராமும் சேர்ந்து ஏமாறுகிறது.

ஆகவே முதல் விதி: மூலத்தைத் தொடாதீர்கள். எம்பாக்ஸ் பஃபர் ஒன்று, காட்சிப் பஃபர் வேறொன்று. மெயிலைத் திறக்கும்போது மூலத்திலிருந்து படித்து, டீகோட் செய்ததைக் காட்சிப் பஃபரில் போடுங்கள். படித்த குறி, நீக்கும் குறி எல்லாம் மூலத்தில். விஎம் என்ற இமேக்ஸ் மெயில் ப்ரோக்ராம் இப்படித்தான் செய்கிறது, இமேக்ஸோடு வரும் ஆர்மெயிலும் இமேக்ஸ் 23இல் எம்பாக்ஸுக்கு மாறியபின் ஒரு தனிக் காட்சிப் பஃபரை வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை இடம் மாற்றிக் காட்டுகிறது. இடத்திலேயே டீகோட் செய்து, மெயிலை விட்டு நகரும்போது பழையபடி என்கோட் செய்து வைக்கலாமே என்று ஒரு யோசனை வரும். வேண்டாம். திரும்ப என்கோட் செய்தது பழையதோடு பைட்டுக்கு பைட் ஒத்துப்போகும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. கையெழுத்திட்ட மெயில் என்றால் அந்த ஒரு பைட்டில் சரிபார்ப்பு தோற்றுவிடும், ஏனென்றால் கையெழுத்து போடப்படுவது டீகோட் ஆன எழுத்தின் மேல் அல்ல, அந்தப் பகுதி அதன் ஹெடர்களோடு கம்பியில் வந்த வடிவத்தின் மேல்.

இரண்டாவது, டீகோட் செய்வதை மறந்துவிட்டு முதலில் மரத்தைக் கட்டுங்கள். மைம் மெயில் ஒரு பட்டியல் அல்ல, மரம். மல்டிபார்ட்/மிக்ஸ்டுக்குள் மல்டிபார்ட்/ஆல்டர்நேட்டிவ் இருக்கும், அதற்குள் ஒரு ப்ளெயின் டெக்ஸ்டும் ஒரு மல்டிபார்ட்/ரிலேட்டடும், அந்த ரிலேட்டடுக்குள் ஹெச்டிஎம்எல்லும் அதன் படங்களும். ஃபார்வர்டு செய்த மெயில் மெசேஜ்/ஆர்எஃப்சி822 என்று முழு மெயிலாகவே உள்ளே உட்கார்ந்திருக்கும், அதற்குள் திரும்பவும் ஒரு மரம். ஒவ்வொரு கிளைக்கும் வகை, என்கோடிங், பெயர், மூலத்தில் தொடங்கும் இடம், முடியும் இடம், பிள்ளைகள் என்று ஒரு சின்னக் கட்டமைப்பு போதும். உள்ளே இருக்கும் தரவைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். 10 எம்பி கோப்பு பேஸ்64இல் வரி முறிவையும் சேர்த்து கிட்டத்தட்ட 13.7 எம்பி ஆகிறது, மெயிலைத் திறந்தவுடன் அதை டீகோட் செய்ய உட்கார்ந்தால் எடிட்டர் மூச்சு முட்டி நிற்கும். பயனர் அந்த அட்டாச்மென்டின் மேல் என்டர் அடிக்கும்போது செய்தால் போதும்.

எல்லைக்கோடு தேடும்போது ஒரு பொறி. பவுண்டரி 70 எழுத்துவரை இருக்கலாம், அதில் கூட்டல் குறி, கேள்விக்குறி, புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் அனுமதி. அதை அப்படியே ரெகுலர் எக்ஸ்ப்ரஷனாக (சில குறிகளுக்குத் தனிப் பொருள் உள்ள தேடல் வடிவம்) தேடினால் பெரும்பாலான மெயில்கள் ஓடும், ஒரு கூட்டல் குறி வந்த அன்று எந்தப் பகுதியும் கிடைக்காது. ரெகெக்ஸ்ப்-கோட் போட்டுத் தேடுங்கள். கோட்டுக்கு முன்னால் இருக்கும் வரி முறிவு கோட்டுக்குச் சொந்தம், பகுதிக்கு அல்ல. இதை விட்டால் சேமிக்கிற எழுத்துக் கோப்பு ஒவ்வொன்றிலும் கடைசியில் ஒரு வெற்று வரி ஒட்டிக்கொள்ளும். கடைசிக் கோடு வராமலே முடிகிற மெயில்களும் வரும், அப்போது மெயிலின் முடிவையே பகுதியின் முடிவாக எடுத்துக்கொள்ளுங்கள், பிழை என்று சொல்லிப் படுத்துவிடாதீர்கள்.

ஆல்டர்நேட்டிவில், அதாவது ஒரே செய்தி பல வடிவங்களில் இருக்கும் பகுதியில், எதைக் காட்டுவது? விதிப்படி எளிமையானது முதலில், வளமானது கடைசியில், உங்களால் காட்ட முடிந்தவற்றுள் கடைசியானதைக் காட்ட வேண்டும். எடிட்டரில் படிப்பவர்கள் பெரும்பாலும் தலைகீழாக ப்ளெயின் டெக்ஸ்டைத்தான் விரும்புவோம். அதிலும் ஒரு தொல்லை இருக்கிறது: தானியங்கி மெயில்கள் சிலவற்றில் ப்ளெயின் டெக்ஸ்ட் பகுதி காலியாக இருக்கும், அல்லது "உங்கள் மெயில் ப்ரோக்ராமால் இதைக் காட்ட முடியாது" என்று ஒரே ஒரு வரி இருக்கும். அதனால் எதைக் காட்டினாலும் மற்றொன்றுக்குத் தாவ ஒரு விசை வைத்துவிடுங்கள்.

மெட்டாமெயில் பற்றி: போரென்ஸ்டைன் பெல்கோர் ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோது எழுதியது, அன்றைய மெயில் ப்ரோக்ராம்களில் ஓரிரு வரி மாற்றினாலே மைம் கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அன்றைக்கு நல்ல யோசனை. ஆனால் அது டெர்மினலில் உட்கார்ந்து ஒவ்வொரு பகுதிக்கும் கேள்வி கேட்கும் ஜாதி, எடிட்டருக்குள் அதோடு மல்லுக்கட்டுவது வீண். அதனோடு வந்த மெயில்கேப் கோப்பு என்ற யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த வகைக்கு எந்த ப்ரோக்ராம் என்று சொல்கிற அந்த வடிவம் 1993இல் ஆர்எஃப்சி 1524 ஆகவே வந்துவிட்டது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.


எட்டாம்பிட்:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் அதை ஏன் மறுபடி எழுத வேண்டும்? 2001இல் வந்த இமேக்ஸ் 21 முதல் க்னூஸின் எம்எம் நூலகம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. க்னூஸைத் திறக்கவே வேண்டாம், எம்எம்-டிகோட் கோப்பை மட்டும் ரிக்வயர் செய்தால் போதும். எம்எம்-டிசெக்ட்-பஃபர் என்று ஒரு ஃபங்ஷன், மெயில் இருக்கும் பஃபரில் அழைத்தால் மரத்தைக் கையில் கொடுத்துவிடும். எம்எம்-டிஸ்ப்ளே-பார்ட் காட்டும், எம்எம்-சேவ்-பார்ட் சேமிக்கும். எல்லைக்கோடு, மேற்கோள் குறி, கடைசிக் கோடு இல்லாத மெயில் எல்லாவற்றிலும் அடிபட்டுத் தேறிய குறியீடு அது. மியூ4இ கூட மெயில் காட்டுவதற்குத் தன் சொந்தக் குறியீட்டை விட்டுவிட்டு க்னூஸின் காட்சியைத்தான் இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டே எச்சரிக்கை. அது ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் முன்னால் இடைவெளியோடு ஒரு மறைவான பஃபரை உருவாக்கும், பஃபர் பட்டியலில் தெரியாது. மெயிலை மூடும்போது எம்எம்-டெஸ்ட்ராய்-பார்ட்ஸ் அழைக்காவிட்டால் நாள் முழுக்க மெயில் படிப்பவரின் இமேக்ஸ் வீங்கிக்கொண்டே போகும். இன்னொன்று, ஆல்டர்நேட்டிவில் ஹெச்டிஎம்எல் வேண்டாம் என்றால் எம்எம்-டிஸ்கரேஜ்ட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் என்ற மாறியில் டெக்ஸ்ட்/ஹெச்டிஎம்எல் என்று போடுங்கள்.


அடைப்புக்குறி:

நூலகத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதை எம்பாக்ஸ் பஃபரிலேயே அழைக்காமல், அந்த ஒரு மெயிலின் பைட்டுகளை எழுத்தாக மாற்றாமல் பைட்டாகவே வைத்திருக்கும் ஒரு யூனிபைட் தற்காலிக பஃபருக்கு நகலெடுத்து அங்கே அழைக்கட்டும். கோப்பைத் திறக்கும்போதே இன்சர்ட்-ஃபைல்-கன்டென்ட்ஸ்-லிட்டரலி வழியாகத் திறக்க வேண்டும், இல்லையென்றால் இமேக்ஸ் தானே ஏதோ ஒரு எழுத்துமுறையை ஊகித்து மாற்றி வைத்திருக்கும், அதற்கு மேல் நூலகம் எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.


பஃபர்வாசி:

நன்றி இருவருக்கும். காட்சிப் பஃபரைத் தனியாகப் பிரித்து, எம்எம் நூலகத்தைக் கூப்பிட்டேன். பிடிஎஃப் பட்டனாக வருகிறது, படம் பஃபருக்குள்ளேயே தெரிகிறது, பிரமாதம்.

ஆனால் தமிழ் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. சில மெயிலில் "அ" வர வேண்டிய இடத்தில் பின்சாய்கோடு போட்டு 340, 256, 205 என்று எண்கள் வருகின்றன (நூலகம் வழியாகப் போகாமல் நான் முன்பே எழுதிய ஒரு பகுதியில் மட்டும்). அனுப்பும் பக்கம் இன்னும் வேடிக்கை: தமிழில் எழுதிய உடலை பேஸ்64-என்கோட்-ரீஜன் என்று கொடுத்தால், மல்டிபைட் எழுத்து இருக்கிறது, முடியாது என்று பிழை. ஆங்கில மெயிலுக்கு வாய் திறப்பதில்லை. சப்ஜெக்ட் வரியை எப்படி என்கோட் செய்வது என்பதும் புரியவில்லை.


ஒற்றுப்பிழை:

இரண்டு சிக்கலும் ஒரே இடத்தில் பிறந்தவை. பேஸ்64க்கும் மைமின் இன்னொரு என்கோடிங்கான கோட்டட்-பிரிண்டபிளுக்கும் எழுத்து என்றால் என்னவென்றே தெரியாது, பைட் மட்டும்தான் தெரியும். எழுத்தைப் பைட்டாக்குவது யூடிஎஃப்-8இன் வேலை. அனுப்பும்போது முதலில் என்கோட்-கோடிங்-ரீஜன் வழியாக யூடிஎஃப்-8 பைட்டுகளாக்கி, அப்புறம் பேஸ்64. வாங்கும்போது முதலில் பேஸ்64ஐக் கழற்றி, அப்புறம் டிகோட்-கோடிங்-ரீஜன். நீங்கள் பார்த்த 340, 256, 205 என்பவை "அ" வின் மூன்று பைட்டுகள், எட்டடிமான எண்களாக. அதாவது முதல் படி முடிந்து இரண்டாம் படி நடக்காமல் நின்றிருக்கிறது. ஆங்கிலத்தில் பிழை வராததற்குக் காரணம் அங்கே எழுத்தும் பைட்டும் ஒன்றாக இருப்பது, அவ்வளவுதான். ஆங்கில மெயிலை மட்டும் வைத்துச் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்று அறிவிக்கிற ப்ரோக்ராம்கள் எத்தனையோ, பெயர் சொல்லவில்லை.

வாங்கும்போது வரிவரியாக டீகோட் செய்யாதீர்கள். பேஸ்64இன் 76 எழுத்து வரி ஒன்றுக்கு 57 பைட், தமிழ்க் குறியீடு (எழுத்து, உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் யூனிகோடில் ஒரு குறியீடு) ஒன்றுக்கு 3 பைட், ஆக ஒரு வரிக்கு 19 குறியீடு என்று அழகாக வகுபடும். அதனால் வெறும் தமிழ்ச் சொல் ஒன்றை நீட்டிச் சோதித்தால் எல்லாம் சரியாகவே வரும். நடுவில் ஒரு இடைவெளியோ கமாவோ வந்தால் ஒரு பைட் நகர்ந்துவிடும், அதன்பின் வரியின் கடைசியில் எழுத்து பாதியில் வெட்டுப்படும். முழுப் பகுதியையும் பைட்டாக்கிய பிறகே எழுத்தாக்க வேண்டும். எழுத்துப் பகுதி பேஸ்64இல் வந்தால் உள்ளே வரி முறிவு இரண்டு எழுத்தாக வந்திருக்கும், அதையும் அப்போதே ஒன்றாக்கிவிடுங்கள், இல்லையென்றால் வரிக்கு வரி கடைசியில் ஒரு ^ குறியோடு எழுத்து ஒன்று தொங்கும்.

எந்த என்கோடிங் என்பதற்கு ஒரு கணக்கு: கோட்டட்-பிரிண்டபிளில் ஆஸ்கி அல்லாத ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாகும். "தமிழ்" என்ற சொல்லில் 5 குறியீடு, 15 பைட். கோட்டட்-பிரிண்டபிளில் 45 எழுத்து, பேஸ்64இல் 20. ஆஸ்கி அல்லாத பைட்டுகள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினாலே பேஸ்64 லாபம். ஆக, ஆங்கிலத்துக்கு நடுவே ஒரு தமிழ்ப் பெயர் என்றால் கோட்டட்-பிரிண்டபிள், தமிழ் மெயில் என்றால் பேஸ்64. போகும் வழி முழுக்க 8 பிட்டை ஏற்கும் என்று தெரிந்தால் இரண்டுமே வேண்டாம், ஆனால் அப்போதும் ஒரு வரி 998 எழுத்தைத் தாண்டக்கூடாது. பத்தியை ஒரே வரியாக எழுதும் பழக்கம் உள்ளவர்களின் தமிழ் மெயில் இதில் சுலபமாகச் சிக்கும், அந்த எல்லை பைட் கணக்கில் என்பதால் முந்நூற்றுச் சொச்சம் குறியீட்டிலேயே தொட்டுவிடும்.

சப்ஜெக்டுக்கு ஆர்எஃப்சி 2047. ஒரு என்கோட் செய்த துண்டு 75 எழுத்துக்குள் இருக்க வேண்டும். அதில் யூடிஎஃப்-8, பேஸ்64 என்று அறிவிக்கும் முன்பகுதிக்கு 10, முடிவுக்கு 2 போக மீதி 63, நான்கின் மடங்காக 60, அதாவது 45 பைட், அதாவது 15 தமிழ்க் குறியீடு. கோட்டட்-பிரிண்டபிளின் தம்பியான மற்றொரு முறையில் 7தான் கொள்ளும். சாதாரணத் தமிழ்ச் சப்ஜெக்டே மூன்று நான்கு துண்டாகும். ஒரு எழுத்தின் பைட்டுகளை இரண்டு துண்டுக்குப் பிரிக்கக்கூடாது என்பது விதி. மீறுபவர்கள் ஏராளம், அதனால் படிக்கும் பக்கத்தில் அடுத்தடுத்த துண்டுகள் ஒரே எழுத்துமுறையாக இருந்தால் பைட்டுகளை முதலில் ஒட்டுங்கள், பிறகு எழுத்தாக்குங்கள். துண்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை விட்டுவிட வேண்டும், காட்டினால் சொல்லுக்கு நடுவில் ஓட்டை விழும்.

அட்டாச்மென்டின் பெயர் தமிழில் இருந்தால் கதை வேறு. அங்கே ஆர்எஃப்சி 2231, சதவீதக் குறி போட்ட முறை, நீளமானால் 0, 1, 2 என்று எண்ணிட்டுப் பிரிக்க வேண்டும். ஆனால் சப்ஜெக்ட் முறையையே கோப்புப் பெயருக்கும் போட்டு அனுப்புகிற ப்ரோக்ராம்கள் நிறைய. விதிப்படி தவறு, ஆனாலும் படிக்கும்போது இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள், அனுப்பும்போது 2231 மட்டும்.

எழுதும் பஃபருக்கு க்னூஸின் எம்எம்எல் முறையை (மெயிலின் அமைப்பை டேக்குகளாக எழுதுவது) எடுத்துக்கொள்வது நல்லது. கன்ட்ரோல்-சி கன்ட்ரோல்-ஏ அடித்தால் கோப்பு உள்ளே வராது, "இந்தக் கோப்பு இங்கே" என்று ஒரு டேக் மட்டும் வரியாக வரும். மைமாக மாறுவது அனுப்பும் நொடியில். அதுவரை அது வெறும் எழுத்து, வெட்டலாம், நகர்த்தலாம், அன்டூ செய்யலாம். எடிட்டரில் மெயில் எழுதுவதன் சுகமே அதுதானே.


காவல்காரன்:

எம்எம்எல் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும், இங்கே யாரும் அதைத் தொடவில்லை. அந்த டேக் வெறும் எழுத்து என்பதால் வேறு யாரும் அதை உங்களுக்கு எழுதி அனுப்பலாம். ஒருவர் தன் மெயிலின் உடலில், உங்கள் ரகசியச் சாவிக் கோப்பின் பாதையோடு அப்படி ஒரு டேக்கை எழுதி அனுப்புகிறார் என்று வையுங்கள். நீங்கள் பதில் எழுத அவர் மெயிலை மேற்கோளாக இழுக்கிறீர்கள், அந்த வரியும் சேர்ந்து வருகிறது, அனுப்பு என்று அடிக்கிறீர்கள். உங்கள் கோப்பு அவர் கையில். க்னூஸின் மெசேஜ் மோட் மேற்கோள் இழுக்கும்போதே எம்எம்எல்-கோட்-ரீஜன் ஓட்டி அந்த டேக்கைச் செயலிழக்கச் செய்கிறது. நீங்கள் சொந்தமாக மேற்கோள் ஃபங்ஷன் வைத்திருந்தால், பழைய ப்ரோக்ராம் என்பதால் வைத்திருப்பீர்கள், அதில் இந்த ஒரு வரியை இன்றே சேர்த்துவிடுங்கள்.

வெளியிலிருந்து வரும் பகுதியைத் தானாகக் காட்டுவது எல்லாமே இந்த ரகம்தான். 2017 செப்டம்பரில் இமேக்ஸ் 25.3 வந்ததே ஒரே ஒரு பாதுகாப்புத் திருத்தத்துக்காக: டெக்ஸ்ட்/என்ரிச்ட் என்ற அப்பாவியான வகைக்குள் டிஸ்ப்ளே பண்பு ஒன்றைப் பொதிந்து அனுப்பினால், மெயிலைக் காட்டும்போதே அதற்குள் இருக்கும் லிஸ்ப் ஓடியிருக்கும். படமும் இல்லை, அட்டாச்மென்டும் இல்லை, வெறும் அலங்கரித்த எழுத்து. அதனால் தானாகக் காட்டும் வகைகளை ஒரு சின்ன அனுமதிப் பட்டியலாக வையுங்கள்: ப்ளெயின் டெக்ஸ்ட், பிஎன்ஜி, ஜேபெக், இன்னும் ஓரிரண்டு. மற்றதெல்லாம் பட்டன், பயனர் அழுத்தினால் மட்டும்.

ஹெச்டிஎம்எல்லை இமேக்ஸின் எஸ்ஹெச்ஆர் நூலகம் வழியாகக் காட்டினால் எஸ்ஹெச்ஆர்-இன்ஹிபிட்-இமேஜஸைப் போட்டுவையுங்கள். தொலைவில் இருக்கும் படத்தை எடுக்கப் போனாலே நீங்கள் மெயிலைத் திறந்துவிட்டீர்கள் என்பது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு ஹெச்டிஎம்எல் பகுதியையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும், ஒன்றாக ஒட்டிக் காட்டவே கூடாது. 2018 மே மாதம் வெளியான ஈஃபெயில் தாக்குதலில் ஒரு வகை அப்படி ஒட்டிய மெயில் ப்ரோக்ராம்களைத்தான் பிடித்தது: முதல் பகுதியில் மூடாத ஒரு படக் குறியீடு, இரண்டாவது ரகசியமாக்கிய பகுதி, மூன்றாவதில் அந்தக் குறியீட்டை மூடுவது. ப்ரோக்ராம் நடுப்பகுதியை ரகசியம் நீக்கி மூன்றையும் ஒட்டியதும், ரகசியம் முழுவதும் படத்தின் முகவரியாகி வெளியே போய்விட்டது.

கோப்புப் பெயரை அனுப்பியவர்தான் தருகிறார், அதை நம்பாதீர்கள். ஃபைல்-நேம்-நான்டைரக்டரி ஓட்டிப் பாதையை வெட்டுங்கள், முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் மாற்றுங்கள். வெளி ப்ரோக்ராமை அழைக்கும்போது அந்தப் பெயரை ஷெல் வரியில் ஒட்டாமல் நீங்களே ஒரு தற்காலிகப் பெயர் வைத்துக் கால்-ப்ராசஸ் வழியாகக் கொடுங்கள். மெயில்கேப் வரிகள் ஷெல்லுக்கு எழுதப்பட்டவை, பெயருக்குள் ஒரு அரைப்புள்ளி போதும், பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிடும்.


பஃபர்வாசி:

காவல்காரன், மேற்கோள் ஃபங்ஷன் சொந்தம்தான், இப்போதே திருத்திவிட்டேன். தமிழ் இரண்டு பக்கமும் ஓடுகிறது. சப்ஜெக்டை மட்டும் நூலகத்தின் ஆர்எஃப்சி2047 ஃபங்ஷனிடமே விட்டுவிட்டேன், அந்த 15 குறியீட்டுக் கணக்கைக் கையால் போட எனக்குப் பொறுமை இல்லை.

கடைசியாக ஒன்று. முன்பெல்லாம் எம்பாக்ஸ் பஃபரில் கன்ட்ரோல்-எஸ் அடித்துத் தேடுவேன், எல்லா மெயிலும் ஒரே பஃபரில் இருப்பதால் நொடியில் கிடைக்கும். இப்போது மூலம் பேஸ்64இல் இருக்கிறது, காட்சிப் பஃபரில் ஒரே ஒரு மெயில்தான் இருக்கிறது. தமிழ்ச் சொல்லைத் தேட வழியே இல்லை. நாட்மச் என்ற மெயில் தேடல் ப்ரோக்ராமைப் போடலாமா?


எட்டாம்பிட்:

நாட்மச், மியூ இரண்டும் மெயிலுக்கு ஒரு கோப்பு என்ற அமைப்பைத்தான் எதிர்பார்க்கும். எம்பாக்ஸை மெயில்டிர் என்ற அந்த அமைப்புக்கு மாற்றினால் உங்கள் குறுக்கிக் காட்டும் வித்தை முழுவதையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும், அதற்கு மேல் நீங்கள் ஏன் அந்த ப்ரோக்ராமை வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்வி வந்துவிடும். வேண்டாம் என்றால் சொந்தமாக ஒரு தேடல் பஃபர் கட்டுங்கள்: புது மெயில் வரும்போது மரத்தைக் கட்டி, டெக்ஸ்ட் பகுதிகளை மட்டும் டீகோட் செய்து, சப்ஜெக்டும் அனுப்பியவரும் சேர்த்து ஒரு பக்கக் கோப்பில் எழுதுங்கள், ஒவ்வொரு மெயிலின் தனி அடையாளமான மெசேஜ்-ஐடியைச் சாவியாக வைத்து. அட்டாச்மென்ட் இல்லாததால் எம்பாக்ஸோடு ஒப்பிட்டால் அந்தக் கோப்பு மிகச் சிறியதாக இருக்கும், கன்ட்ரோல்-எஸ் அதில் முன்போலவே ஓடும்.


பஃபர்வாசி:

மெசேஜ்-ஐடி இல்லாத மெயிலும் சிலது கிடக்கிறதே, பழையவை. அவற்றுக்கு?


எட்டாம்பிட்:

செக்யூர்-ஹாஷ் ஃபங்ஷனைப் போட்டு, உள்ளடக்கத்திலிருந்து அது கணக்கிட்டுத் தரும் அடையாளத்தைச் சாவியாக வையுங்கள். ஆனால் முழு மெயிலுக்கும் போடாதீர்கள், ஹெடரை விட்டு உடலுக்கு மட்டும். படித்த குறியை உங்கள் ப்ரோக்ராமே ஸ்டேட்டஸ் ஹெடராக எம்பாக்ஸுக்குள் எழுதுகிறது அல்லவா, ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் ஹாஷ் மாறிவிடும்.